388 விளம்பரங்களும் ஆற்றங்கரைத் தோட்டமும்: ஊட்டச்சத்து ஆசிரியர் ஜோன் கஸ்ஸோ – ஒரு நிகழ்வு ஆய்வு

1970களின் தொடக்கம். அமெரிக்காவில் சனிக்கிழமை காலை என்றால் வீட்டுக்கு வீடு குழந்தைகள் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நடுநடுவே விளம்பரம். நியூயார்க்கில் ஊட்டச்சத்துக் கல்வியில் இருந்த ஜோன் கஸ்ஸோ, குழந்தைகள் பார்க்கும் நேரத்தில் ஒரு வாரம் வந்த விளம்பரங்களைக் கணக்கெடுத்தார். மொத்தம் 388. அதில் 82 சதவீதம் வாய்க்குள் போகிற சரக்கு: உணவு, பானம், மிட்டாய், சூயிங்கம், வைட்டமின் மாத்திரை. ஏறக்குறைய 318 விளம்பரங்கள். இந்தக் கணக்கோடு அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். 1972-ல் ஊட்டச்சத்துக் கல்வி ஆய்விதழில் அதுவே கட்டுரையாக வந்தது.

பள்ளியில் ஆசிரியர் வாரத்துக்கு ஒரு மணி நேரம் காய்கறியின் அருமையைச் சொல்லித் தருகிறார். வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு ஒரே வாரத்தில் முந்நூறு முறை வேறு பாடம் நடக்கிறது. இதில் எந்தப் பாடம் மனதில் பதியும்? கஸ்ஸோவின் அடுத்த ஐம்பது ஆண்டு வேலைக்கும் இந்தக் கேள்விதான் வேர். ஊட்டச்சத்துப் பாடத்தை உடம்பிலிருந்து தொடங்குவதுதான் துறை வழக்கம்: புரதம் இவ்வளவு, இரும்பு இவ்வளவு, எது குறைந்தால் என்ன நோய். அவர் அதை வயலிலிருந்தும் கடை அலமாரியிலிருந்தும் தொடங்கினார். அந்த மாற்றம் எப்படி வந்தது, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதையே இங்கே பார்க்கிறோம்.

நாற்பதில் மீண்டும் மாணவி

ஜோன் டை என்ற பெயரில் 1928 அக்டோபர் 4 அன்று கலிஃபோர்னியாவின் அல்ஹாம்ப்ராவில் பிறந்தவர். 1950-ல் பொமோனா கல்லூரியில் பட்டம் பெற்று, நியூயார்க்குக்கு வந்து 'டைம்' இதழில் தகவல் சேகரிப்பாளராகச் சேர்ந்தார். பத்திரிகையில் அச்சேறும் ஒவ்வொரு தகவலையும் தேடிச் சரிபார்க்கும் வேலை அது. ஓவியரும் இயற்கைப் பாதுகாப்புச் செயற்பாட்டாளருமான ஆலன் கஸ்ஸோவை மணந்தார். இரண்டு மகன்கள். நகருக்கு வடக்கே ராக்லாண்ட் மாவட்டத்தின் காங்கர்ஸ் ஊரில் குடும்பம் நடத்தினார்கள், அங்கேயே காய்கறியும் பயிரிட்டார்கள்.

மகன்கள் பள்ளி வயதில் இருந்தபோது, தன் நாற்பதாவது வயதையொட்டி, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில் ஊட்டச்சத்துக் கல்வி படிக்கச் சேர்ந்தார். மேரி ஸ்வார்ட்ஸ் ரோஸ் 1909-ல் தொடங்கிவைத்த துறை அது. 1975-ல் கல்வியில் முனைவர் பட்டம் பெற்றதும் துறைத் தலைவரானார்.

துறைக்குள் வரும்போதே அவர் கையில் ஒரு புத்தகம் இருந்தது. குழந்தை வளர்ச்சி ஆய்வாளர் ஹெர்பர்ட் பிர்ச்சுடன் சேர்ந்து எழுதி 1970-ல் வெளிவந்த அந்த நூல், ஏழைக் குழந்தைகள் பள்ளியில் பின்தங்குவது ஏன் என்பதை ஆராய்ந்தது. பரம்பரை அறிவுத்திறனே காரணம் என்ற வாதம் அப்போது பலமாக எழுந்திருந்தது. இவர்கள் இருவரும் தாயின் கர்ப்பகாலம், பிறப்பு எடை, நோய், பசி, வீட்டு வறுமை என்று படிப்படியாக ஆதாரம் அடுக்கினார்கள். தட்டில் என்ன இருக்கிறது என்பதைத் தட்டுக்கு வெளியே இருப்பவைதான் தீர்மானிக்கின்றன என்ற பார்வை அவரிடம் அப்போதே உருவாகியிருந்தது.

கணக்கெடுப்பு எதிர்வாதத்தைத் தாங்கி நின்றது ஏன்

388 விளம்பரக் கணக்கின் பலம் அதன் வகைப்பாட்டில் இருக்கிறது. 'சத்தற்ற உணவு விளம்பரம்' என்று தலைப்பிட்டு எண்ணியிருந்தால், எது சத்தற்றது என்ற வாக்குவாதத்திலேயே விசாரணை முடிந்திருக்கும். காலை உணவுத் தானியக் கம்பெனிகள் வைட்டமின் சேர்த்த பெட்டியை மேசைமேல் வைத்திருப்பார்கள். விழுங்கக்கூடியதா இல்லையா என்று மட்டும் பிரித்தால் தர்க்கத்துக்கு இடமில்லை. வைட்டமின் மாத்திரையையும் அதே கூடையில் போட்டது கூர்மையான முடிவு. குழந்தையிடம் நேரடியாக மாத்திரை விற்கிறார்கள் என்பதே தனியாக ஒரு செய்தி.

இதே வேலையை இன்று யூடியூபிலோ தொலைக்காட்சியிலோ செய்ய நினைப்பவர்கள் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. முதலாவது, எதை ஒன்று என்று எண்ணுவது என்ற குழப்பம். ஒரே பிஸ்கட் விளம்பரம் பத்து முறை வந்தால் அது பத்துதான். குழந்தை அதைப் பத்து முறை பார்க்கிறது. பிராண்டை எண்ணினால் பாதிப்பு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அடுத்தது, வகைகளை முன்கூட்டியே எழுதி வைக்காமல் எண்ணத் தொடங்குவது. பாதி வழியில் பொம்மை இலவசமாகத் தரும் சாக்லேட் விளம்பரம் வரும்; அதை உணவில் சேர்ப்பதா பொம்மையில் சேர்ப்பதா என்று அன்றைய மனநிலைக்கு ஏற்பத் தீர்மானித்தால் கணக்கு கெட்டுவிடும். இரண்டு பேர் தனித்தனியே எண்ணி, முதல் அரை மணி நேரத்தின் தாள்களை ஒப்பிட்டு, வேறுபட்ட இடங்களுக்கு விதி எழுதிக்கொண்ட பிறகே மீதியைத் தொடர வேண்டும். நேரம், அலைவரிசை, பொருள், வகை, எத்தனையாவது முறை என்று ஐந்து பத்தி போதும். ஒரு நாள் கணக்கை வாரத்துக்குப் பெருக்குவதும் கூடாது. சனிக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் ஒன்றல்ல.

இனி விளைவு. சொல்லும்போது வலிக்கிறது. 1978-ல் அமெரிக்க கூட்டாட்சி வர்த்தக ஆணையம், சிறு குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரங்களைக் கட்டுப்படுத்த விதி கொண்டுவர முயன்றது. உணவு, பொம்மை, விளம்பர, ஒளிபரப்புத் தொழில்கள் ஒன்றாக எதிர்த்தன. 1980-ல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றி, 'நியாயமற்றது' என்ற அடிப்படையில் குழந்தை விளம்பரங்களுக்கு விதி போடும் அதிகாரத்தை ஆணையத்திடமிருந்து பறித்துவிட்டது. எண்கள் பொய்த்ததால் வந்த தோல்வி இல்லை இது. எதிரே இருந்தவர்களின் கை ஓங்கியிருந்தது, அவ்வளவுதான்.

வயலில் தொடங்கிய பாடம்

டீச்சர்ஸ் காலேஜில் கஸ்ஸோ உருவாக்கிய வகுப்பின் பெயர் 'ஊட்டச்சத்துச் சூழலியல்'. மண், நீர், எரிபொருள், பூச்சிமருந்து, மக்கள்தொகை, விளம்பரம், உணவுத் தொழிற்சாலை எல்லாம் அதில் பாடம். ஊட்டச்சத்து படிக்க வந்த மாணவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருந்தது. துறையின் மூத்தவர்கள் பலருக்கோ இது தங்கள் வேலையே இல்லை என்று பட்டது. வகுப்பில் படிக்கவைத்த கட்டுரைகளைத் தன் விளக்கத்தோடு தொகுத்து 1978-ல் நூலாக்கினார். தொண்ணூறு வயதை எட்டிய பிறகும் அந்த வகுப்போடு அவருக்கிருந்த தொடர்பு அறுந்துவிடவில்லை.

வகுப்பின் சிந்தனை துறை முழுமைக்கும் சென்றது 1986-ல். ஊட்டச்சத்து ஆய்வாளர் கேட் க்ளான்சியுடன் சேர்ந்து 'நிலைத்த தன்மைக்கான உணவு வழிகாட்டுதல்கள்' என்ற கட்டுரையை ஊட்டச்சத்துக் கல்வி ஆய்விதழில் எழுதினார். முந்தைய ஆண்டு அமெரிக்க அரசு வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில் ஏழு அறிவுரைகள் இருந்தன: பலவகை உணவு உண்ணுங்கள், உடல் எடையைச் சரியாக வைத்திருங்கள், கொழுப்பு, சர்க்கரை, உப்பு ஆகியவற்றைக் குறையுங்கள், மாவுச்சத்தும் நார்ச்சத்தும் போதுமான அளவு சேருங்கள், மது அருந்தினால் அளவோடு. இவற்றையே எடுத்துக்கொண்டு, உடம்புக்குச் சொன்னதை மண்ணுக்கும் சேர்த்துச் சொன்னால் என்ன ஆகும் என்று இருவரும் கேட்டார்கள்.

'பலவகை' என்ற ஒரு சொல்லை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கடை அலமாரியில் நூறு பெட்டி வெவ்வேறு நிறத்தில் நிற்கின்றன. பிரித்துப் பார்த்தால் சோளம், கோதுமை, சோயா எண்ணெய், சர்க்கரை; நூறிலும் அதே நாலைந்து பயிர். நுகர்வோருக்கு இது வகை, நிலத்துக்கு இது ஒற்றைப் பயிர். வயலில் பலவகை விளைந்தால்தான் தட்டில் உண்மையான பலவகை வரும். சத்துப் பட்டியலை மனப்பாடமாகச் சொல்லும் மாணவர், எந்த மாதம் எந்தக் காய் தன் ஊரில் விளைகிறது என்று கேட்டால் திணறுவதற்கும் இதுதான் காரணம்.

கட்டுரைக்குக் கிடைத்த வரவேற்பு குளிர்ந்துதான் இருந்தது. 1999-ல் அதே ஆய்விதழில் அவரே பின்னோக்கிப் பார்த்து எழுதினார். 2010-ல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 'நிலைத்த உணவுமுறை' என்பதற்கு வரையறை தந்தது. 2015-ல் அமெரிக்க உணவு வழிகாட்டுதலுக்கான நிபுணர் குழு சுற்றுச்சூழல் நிலைத்தன்மையைத் தன் அறிக்கையில் சேர்த்தது. ஆனால் வேளாண் துறைச் செயலாளரும் சுகாதாரத் துறைச் செயலாளரும், வழிகாட்டுதல் அதற்கான இடமில்லை என்று அதே ஆண்டு அக்டோபரில் அதை ஒதுக்கிவிட்டார்கள். கட்டுரை வந்து கிட்டத்தட்ட முப்பது ஆண்டு ஆகியிருந்தது.

கஸ்ஸோவின் பெயரோடு அதிகம் சுற்றிவரும் கணக்கு ஸ்ட்ராபெரி. 5 கலோரி தரும் ஒரு பழத்தைக் கலிஃபோர்னியாவிலிருந்து நியூயார்க்குக்கு விமானத்தில் கொண்டுவர 435 கலோரி எரிபொருள் செலவு. வாங்குவதைப் போல 87 மடங்கு கொடுக்கிறோம். உணவுக்கும் எரிபொருளுக்கும் ஒரே அலகைப் போட்டதுதான் இதன் சாமர்த்தியம். லிட்டரும் கிராமும் என்று சொல்லியிருந்தால் யாருக்கும் உறைத்திருக்காது.

ஆனால் இந்தக் கணக்கை அப்படியே வகுப்பில் வைப்பவர்கள் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். விமானத்துக்குப் பொருந்துவது குளிர்பதன லாரிக்குப் பொருந்தாது. தவிர, 2008-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் வெபரும் மேத்யூஸும் போட்ட கணக்கில், அமெரிக்க வீடுகளின் உணவால் வெளியாகும் பசுங்குடில் வாயுவில் 83 சதவீதம் உற்பத்திக் கட்டத்திலேயே வந்துவிடுகிறது. போக்குவரத்து முழுவதும் 11 சதவீதம், கடைக்கு வந்து சேரும் கடைசிப் பயணம் 4 சதவீதம். பக்கத்து ஊர் மாட்டிறைச்சியைவிடத் தூரத்துப் பருப்பு சூழலுக்கு இலகுவாக இருக்கலாம். கிலோமீட்டரை மட்டும் எண்ணினால் கஸ்ஸோவின் பாடத்தில் கால்வாசிதான் கிடைக்கும். யார் பயிரிடுகிறார்கள், அந்த நிலம் அடுத்த தலைமுறைக்கும் விளையுமா என்ற கேள்விகள் விட்டுப்போகும். அவர் உள்ளூர் விவசாயிக்காக வாதாடியது அதற்காகவே.

வெண்ணெயும் ட்விங்கியும்

வெண்ணெயா, எண்ணெயிலிருந்து ஆலையில் செய்யும் மாற்று வெண்ணெயான மார்ஜரினா என்று கேட்டபோது, வேதியியலாளர்களைவிடப் பசுக்களைத்தான் நம்புகிறேன் என்றார் கஸ்ஸோ. பின்னால் நடந்தது தெரிந்ததுதான். 1990-ல் நெதர்லாந்தின் மென்சிங்க், காட்டன் இருவரின் ஆய்வு, அன்றைய மார்ஜரினில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி நல்ல கொலஸ்ட்ராலை இறக்குவதைக் காட்டியது. அந்தக் கொழுப்பின் முக்கிய மூலமான, பகுதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய் பாதுகாப்பானதாகக் கருதப்படாது என்று 2015-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் முடிவெடுத்தது. ஆனால் அந்த வாக்கியத்தை வெண்ணெய்க்கான மருத்துவச் சான்றாக எடுத்துக்கொள்வது தவறு. வெண்ணெயின் நிறைவுற்ற கொழுப்பு அங்கேதான் இருக்கிறது. நெடுங்காலம் மனிதர் உண்டு பழகியதற்கும் நேற்று ஆலையில் வந்ததற்கும் ஒரே அளவு சந்தேகம் போதாது என்பதே அதன் பொருள். தெரியாததைத் தெரியாது என்று கருதி எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது அது.

அதே நிதானம் இயற்கை வேளாண் சான்றிதழ் விவகாரத்திலும் தெரிந்தது. 1990களின் பிற்பாதியில் அவர் அமெரிக்காவின் தேசிய இயற்கை வேளாண் தர வாரியத்தில் இருந்தார். அப்போது எழுப்பிய கேள்வி இன்றும் பேசப்படுகிறது: இயற்கை முறை ட்விங்கிக்குச் சான்றிதழ் தர முடியுமா? ட்விங்கி என்பது கிரீம் அடைத்த, உறையிலிட்ட கேக். அதன் மாவு, சர்க்கரை, எண்ணெய் அனைத்தும் இயற்கை முறையில் விளைந்தால் கேக்கும் 'இயற்கை' ஆகிவிடுமா?

சான்றிதழ் முறையின் கட்டமைப்பிலேயே சிக்கல் இருக்கிறது. அது உள்ளே போகும் பொருளைப் பார்க்கிறது. வெளியே வருவது உணவா என்று பார்ப்பதில்லை. பதப்படுத்தும்போது செயற்கைப் பொருள் சேர்க்க அனுமதித்தால் எந்தத் தின்பண்டமும் அந்த முத்திரையைப் பெறும் என்பது கஸ்ஸோவின் வாதம். அப்படி அனுமதித்தே விதி வந்தது. 2005-ல் மெய்ன் மாநில புளூபெரி விவசாயி ஒருவர் தொடுத்த வழக்கில், 1990-ஆம் ஆண்டு இயற்கை வேளாண் உணவுச் சட்டத்துக்கு அந்த விதி முரணானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்திவிட்டது. இயற்கை முத்திரையுள்ள இனிப்புப் பண்டங்கள் அலமாரியில் நிற்பதற்கு வழி இப்படித்தான் பிறந்தது.

பியர்மான்ட் தோட்டம்

1995-ல் கஸ்ஸோ தம்பதி ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள பியர்மான்ட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். வாங்கிய பழைய கட்டடம் சீர்செய்ய முடியாத நிலையில் இருந்ததால் இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று. 1997-ல் ஆலன் இறந்தார். தோட்டத்தைத் தனியாகத் தொடர்ந்த ஜோன், ஆண்டு முழுக்கத் தான் உண்ணும் காய்கறிகளை அங்கேயே விளைவித்தார். பனி பொழியும் நாட்டில் இது முடியும் என்று காட்டியதுதான் அவருடைய கடைசிக் காலப் பாடம். 2001-ல் வந்த அவருடைய நூல் அந்தக் கதைதான்.

அந்தத் தட்பவெப்பத்தில் விளைவிப்பது பாதி வேலை, சேமிப்பது மீதிப் பாதி. பலரும் தோற்பது சேமிப்பில்தான். உருளைக்கிழங்கையும் சர்க்கரைவள்ளியையும் ஒரே நிலவறையில் போட்டால் ஏதோ ஒன்று கெடும். உருளைக்கு 4 முதல் 7 டிகிரி செல்சியஸ், இருட்டு, ஈரப்பதம் வேண்டும். வெளிச்சம் பட்டால் பச்சையாகி நச்சு கூடும். சர்க்கரைவள்ளிக்கு 10 டிகிரிக்குக் கீழே போனால் குளிர்க் காயம்: உள்ளே கருத்து, வேகவைத்தாலும் நடுப்பகுதி கட்டையாக நிற்கும். தோண்டியவுடன் 27 முதல் 30 டிகிரி வெப்பத்தில், நல்ல ஈரக்காற்றில் ஒரு வாரம் முதல் பத்து நாள் வைத்துத் தோல் காயங்களை ஆறவிட்ட பிறகு 13 முதல் 15 டிகிரியில் வைக்க வேண்டும். வீட்டின் சூடில்லாத அறையே அதற்குப் போதும். வெங்காயத்துக்குக் குளிர் வேண்டும், ஆனால் ஈரம் ஆகாது. உருளைக்குப் பக்கத்தில் வைத்தால் முளைவிடும்.

தக்காளியைப் பாட்டிலில் அடைப்பவர்கள் கவனிக்க வேண்டியது புளிப்பு. அமிலக் குறியீடு (pH; எண் கூடினால் புளிப்பு குறைவு) 4.6-க்கு மேலே போனால் காற்றில்லாத பாட்டிலுக்குள் பொட்டுலிசக் கிருமி நச்சை உண்டாக்கும். தக்காளி அந்த எல்லையை ஒட்டியே நிற்கும் காய். அதனால் அரை லிட்டர் அளவுள்ள பாட்டிலுக்கு ஒரு மேசைக்கரண்டி, ஒரு லிட்டர் அளவுள்ளதற்கு இரண்டு மேசைக்கரண்டி என்று கடையில் விற்கும் எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொல்கிறார்கள். வீட்டில் பிழிந்தது பழத்துக்குப் பழம் மாறும், நம்ப முடியாது. சுவைக்காக இதை விட்டுவிடுவதுதான் ஆபத்தான பிழை.

2010 மார்ச்சில் புயலோடு ஆறு பொங்கித் தோட்டத்துக்குள் வந்துவிட்டது. பியர்மான்ட் பகுதியில் ஹட்சன் கடலோடு தொடர்புள்ள ஆறு. அலை ஏறி இறங்கும், தண்ணீர் உவர்ப்பாக இருக்கும். உவர்நீர் வடிந்த பிறகும் சோடியம் மண்ணிலேயே தங்கும். களிமண் துகள்களை ஒட்டவைத்திருக்கும் கால்சியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மண் கட்டுக் குலைந்து, மேலே ஓடு கட்டி, நீர் இறங்காமல் நிற்கும். ஈரமாக இருக்கும்போதே மண்வெட்டி போடுவது நிலைமையை இன்னும் மோசமாக்கும். முதலில் காயவிட வேண்டும். பிறகு மண்ணின் உப்பளவைச் சோதித்து, கால்சியம் தரும் ஜிப்சம் தூவி, நல்ல தண்ணீரையோ மழையையோ கொண்டு உப்பைக் கீழே இறக்க வேண்டும். ஜிப்சம் மட்டும் போட்டுத் தண்ணீர் விடாவிட்டால் பலன் இல்லை. வெள்ளநீர் பட்ட கீரை, காய் எதையும் கழுவினாலும் சாப்பிடக் கூடாது. சாக்கடையும் அதோடு கலந்து வந்திருக்கும்.

மண்ணைத் தேற்றினாலும் அடுத்த வெள்ளம் வரும் என்பது கஸ்ஸோவுக்குத் தெரியும். காலநிலை பற்றி வகுப்பில் பல ஆண்டுகள் பேசியவர் அவர். நிலத்தையே உயர்த்தினார். வெளியிலிருந்து மண் கொண்டுவந்து கொட்டி, நண்பர்கள் துணையோடு பாத்திகளைப் புதிதாக அமைத்து, மறுபடியும் நட்டார். அப்போது வயது 81. 2025 மார்ச் 7 அன்று பியர்மான்ட்டில், அந்தத் தோட்டத்து வீட்டிலேயே இறந்தார். வயது 96.